வாய்தாவுக்கு முன் ஒரு மேசை: வியாபாரப் பிணக்கும் சமரசமும்

திருப்பூரில் சாயப்பட்டறைக்காரரும் பனியன் கம்பெனிக்காரரும் மோதிக்கொள்ளும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். துணிக்குச் சாயம் ஏற்றியாயிற்று, காம்பேக்டிங் முடிந்தது, கட்டிங்குக்கும் போய்விட்டது. பாதி வெட்டிய பிறகு லாட்டுக்கு லாட்டு ஷேடு வித்தியாசப்படுகிறது என்று போன் வருகிறது. கம்பெனிக்காரர் டெபிட் நோட் போடுகிறார். "டெலிவரி சலான்ல கையெழுத்துப் போட்டுத்தானுங்க எடுத்தீங்க, அன்னிக்குத் தெரியலீங்களா ஷேடு?" என்று பட்டறைக்காரர் கேட்கிறார். பழைய பாக்கியும் சேர்ந்து 18 லட்சம் நிற்கிறது. இரண்டு மாதம் போன், அடுத்த மாதம் வாட்ஸ்அப் சண்டை, அதன் பிறகு வக்கீல் நோட்டீஸ்.

இந்த அத்தியாயம் முழுக்க இந்த 18 லட்சத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, தகராறு அன்றாடம் நடப்பது. உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். கட்டட ஒப்பந்தக்காரரும் வீட்டுக்காரரும், கிளினிக்கைச் சேர்ந்து நடத்திய இரண்டு டாக்டர்கள், சாப்ட்வேர் செய்து கொடுத்தவரும் வாங்கியவரும் என்று யாரைப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

கோர்ட்டுக்குப் போனால் நீதிபதி கேட்கும் கேள்வி ஒன்றே: யார் சொல்வது சரி? ஷேடு வித்தியாசம் இருந்ததா, இருந்தால் யார் பொறுப்பு, நஷ்டம் எவ்வளவு, நிரூபித்தீர்களா? தீர்ப்பு பெரும்பாலும் ஒரு தொகையாக வரும். "இனிமேல் கட்டிங்குக்கு முன் லாட் வாரியாக ஷேடு பார்த்துக் கையெழுத்துப் போடு, அடுத்த சீசன் ஆர்டரையும் இவருக்கே கொடு" என்று எந்த நீதிபதியும் தீர்ப்பெழுத முடியாது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. இவர்கள் இருவருக்கும் உண்மையில் தேவைப்படுவது அதுதான். சமரசத்தின் பெரிய ஆதாயம் செலவு குறைவதோ நேரம் மிச்சமாவதோ இல்லை என்பது என் கருத்து. தீர்ப்பில் எழுத முடியாததை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள முடிகிறது, அதுதான் முதல் ஆதாயம். மற்றவை அதற்குப் பின்னால் வருபவை.

இருந்தாலும் வியாபாரிக்குச் செலவுக் கணக்கும் முக்கியம். அதைப் பார்த்துவிடுவோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். 2017 வரை 7.5 சதவீதமாக இருந்ததைக் குறைத்தார்கள். 18 லட்சத்துக்கு 54,000 ரூபாய். இது வாசல் கட்டணம் மட்டுமே, வக்கீல் பீஸ் தனி. அந்த 18 லட்சத்துக்கு உங்கள் கேஷ் கிரெடிட் (சிசி) கணக்கில் 12 சதவீத வட்டி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 18,000. இரண்டு வருடத்தில் 4,32,000. ஜெயித்தால் கோர்ட்டும் வட்டி போட்டுத் தரும். ஆனால் அந்த வட்டி தீர்ப்பில் இருக்கும், பேங்க் வட்டியை நீங்கள் மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. சாட்சிக் கூண்டில் ஏறப்போவது உங்கள் கணக்காளரா, டையிங் மாஸ்டரா? அவர்கள் கோர்ட் வளாகத்தில் உட்கார்ந்திருக்கும் நாளில் பட்டறையை யார் பார்ப்பது? வழக்கு முடிவதற்குள் மாஸ்டர் வேலையை விட்டு ஈரோட்டுக்குப் போய்விட்டால் அவரை எங்கே தேடிப் பிடிப்பது? இன்றைய வியாபாரம் பாதி வாட்ஸ்அப்பில் நடக்கிறது. அந்தப் பேச்சைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். அதன் படிவம், கையெழுத்து பற்றியே ஒரு நாள் வாதம் நடக்கும். சமரச அறையில் போனை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினால் போதும்.

டிகிரி (தீர்ப்பாணை) கைக்கு வந்தால் பணமும் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். டிகிரிக்குப் பிறகு மேல்முறையீடு. அதுவும் முடிந்த பின் நிறைவேற்று மனு, எதிராளியின் சொத்து விவரம் தேடுதல், ஜப்தி, அதற்கு எதிராக மூன்றாம் நபர் ஒருவர் போடும் மனு. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2021ல் உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

சமரசத்தில் செலவு என்ன? வணிக வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு 2018ல் மத்திய அரசு விதிகள் போட்டது. அதன்படி விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். 10 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையான கோரிக்கைக்குச் சமரசரின் கட்டணம் 30,000. இதை இருவரும் சரிபாதி கொடுக்க வேண்டும், ஆளுக்கு 15,000. நம் 18 லட்சத்துக்குச் செலவு இவ்வளவுதான், வக்கீலை அழைத்துப் போனால் அவர் பீஸ் தனி. ஏற்கெனவே வழக்குப் போட்டுவிட்டவர்கள் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீதிபதியிடம் கேட்கலாம். அங்கே சமரசருக்கு நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

கட்டிய கோர்ட் கட்டணம் போனது போனதுதானா? இல்லை. வழக்கு நடக்கும்போது சமரசமாகிவிட்டால் அது முழுதாகத் திரும்பக் கிடைக்கும். கோர்ட் அனுப்பாமல் தாங்களாகவே வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் திருப்பித் தர வேண்டியதில்லை என்று வாதாடி மேலே போனது சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமேதான் என்பது ஒரு வேடிக்கை.

சமரசம் எது, எது இல்லை

சமரசம் என்றதும் நம் ஊரில் பலருக்கு ஆலமரத்தடியும் நாட்டாமையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதைவிட மோசமாக, கட்டப்பஞ்சாயத்து நினைவுக்கு வருகிறது. அங்கே ஒருவர் தீர்ப்புச் சொல்வார், மறுத்தால் பின்விளைவு உண்டு. சமரசர் தீர்ப்பே சொல்லமாட்டார். உங்கள் பக்கம் நியாயம் என்றும் சொல்லமாட்டார், இவ்வளவு கொடுங்கள் என்று உத்தரவும் போடமாட்டார். இரண்டு பக்கமும் பேச வைத்து, பேச முடியாத இடத்தில் தனித்தனியே கேட்டு, ஒத்துவரும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவார். பிடிக்காவிட்டால் எந்த நிமிடத்திலும் எழுந்து வந்துவிடலாம். உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் முடிவாகாது.

ஆர்பிட்ரேஷன் வேறு. அங்கே நடுவர் தனியார் நீதிபதி மாதிரி. அவர் சொல்வது உங்களைக் கட்டுப்படுத்தும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். மக்கள் நீதிமன்றமும் பேசித் தீர்க்கும் இடம்தான், அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. ஆனால் பெரும்பாலும் ஒரே நாளில் பல வழக்குகளை எடுப்பதால், விபத்து இழப்பீடு, பேங்க் கடன் போலத் தொகையை மட்டும் பேசவேண்டிய விஷயத்துக்கு அது பொருத்தம். ஷேடு தகராறு மாதிரி பேசப்பேசச் சிக்கல் அவிழும் விஷயத்துக்கு உட்கார்ந்து பேச நேரம் வேண்டும்.

இதில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. பேசித் தீர்த்துக்கொள்ள வழக்கை அனுப்பும் அதிகாரம் தரும் 89ஆம் பிரிவு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர்கள் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பானது, சமரசத்துக்கான மாதிரி விதிகளும் அந்த வழக்கு வழியாகவே பிறந்தன. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் திறக்கப்பட்டது. நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் மையம் அது. அதை அமைத்ததில் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் மையங்கள் இருக்கின்றன. ஏப்ரல் மாதத்தில் கோர்ட் வாசலில் பேனர் பிடித்து ஒரு பேரணி போவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தேதியை ஒட்டி நடப்பது அது.

எங்கே போய்க் கதவைத் தட்டுவது

3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால் இப்போது இது உங்கள் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு 2018ல் வந்தது. அவசரத் தடையுத்தரவு எதுவும் கேட்காத வழக்கை, முதலில் சமரசத்துக்கு முயலாமல் தாக்கல் செய்ய முடியாது. "அது சும்மா ஒரு சடங்கு, தாண்டிப் போய்விடலாம்" என்று நினைத்தவர்களுக்கு 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: இது கட்டாயம், மீறிப் போட்ட வழக்குரை நிராகரிக்கப்படும். அடுத்த வருடமே இன்னொரு வழக்கில், சமரசத்தைத் தவிர்ப்பதற்காகவே ஒப்புக்கு ஒரு அவசர மனுவை ஒட்டிவைத்தால் அதையும் நீதிபதி உரசிப் பார்ப்பார் என்று எச்சரித்தது.

விண்ணப்பத்தை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்க வேண்டும். முதலாம் படிவம், 1,000 ரூபாய் கட்டணம். ஆணைக்குழு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பும். அனுப்பிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் அவர் வர வேண்டும். பதில் இல்லையென்றால் இறுதி நோட்டீஸ் போகும். அதற்கும் வரவில்லை, அல்லது வரமாட்டேன் என்றால், சமரசம் தொடங்கவே இல்லை என்று அறிக்கை தருவார்கள். அதை இணைத்து வழக்குப் போடலாம். வந்துவிட்டால் மூன்று மாத அவகாசம், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். இந்தக் காலம் காலவரையறைக் கணக்கில் சேராது. இந்தக் கடைசி வரியை மனதில் வையுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

நீங்கள் குறுந்தொழில் அல்லது சிறுதொழில் நடத்துபவராக, உத்யம் பதிவோடு பொருளோ சேவையோ கொடுத்தவராக இருந்தால் இன்னொரு கதவும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வசதியாக்கக் கவுன்சிலில் மனு போட்டால் முதலில் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் ஆர்பிட்ரேஷன். தோற்ற வாங்குபவர் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். சப்ளைக்கு முன்பே உத்யம் பதிவு இருப்பது பாதுகாப்பு, பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவதை நம்பாதீர்கள். இதோடு, 45 நாளைத் தாண்டிய பாக்கியை, கொடுக்கும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதி வந்துவிட்டது. மார்ச் நெருங்கினால் எதிர்த்தரப்பின் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

நம் பட்டறைக்காரர் கவுன்சிலுக்குப் போவதா, 12ஏ வழியே போவதா? கணக்கு சுத்தம், எதிராளி வெறுமனே இழுத்தடிக்கிறார் என்றால் கவுன்சில். தகராறு தரத்தைப் பற்றியது, இரண்டு பக்கமும் கொஞ்சம் தவறு இருக்கிறது, உறவும் வேண்டும் என்றால் சமரசர் முன் உட்காருவது நல்லது. அந்த மூன்று மடங்கு வட்டிக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அறைக்குள் நடப்பது

முதலில் எல்லோரும் ஒரே மேசை. சமரசர் விதிகளைச் சொல்வார். அவற்றில் முக்கியமானது ரகசியம். இங்கே பேசியது இங்கேயே. சமரசம் ஆகவில்லை என்றால் நீதிபதிக்கு "ஆகவில்லை" என்ற ஒரு வரி மட்டுமே போக வேண்டும், யார் எவ்வளவுக்கு இறங்கிவந்தார் என்பது போகக்கூடாது. 2010ல் மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. ஆகவே "பத்துக்கு முடிச்சுக்கலாம்னு அன்னிக்கு நீயேதான சொன்ன" என்பது நாளைக்குக் கோர்ட்டில் எடுபடாது. வெளியே டீக்கடையில் நடக்கும் பேச்சுவார்த்தைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

பேர் கெடாது என்பதும் இதில் அடங்கும். வழக்குப் போட்டுவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டுகிற யாரும் பார்க்கலாம். கடன் கொடுக்க வந்த பேங்க் பார்க்கும், புதிய பையர் பார்ப்பார், போட்டிக்காரர் கண்டிப்பாகப் பார்ப்பார். டாக்டர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மாதிரி பெயரை வைத்தே பிழைப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் கோபம்தான் பேசும். அது வீண் இல்லை. பட்டறைக்காரர் சொல்வார்: பதினைந்து வருடப் பழக்கம், ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், டெபிட் நோட்டைத் தபாலில் அனுப்பினார்கள். கம்பெனிக்காரர் சொல்வார்: ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது, மூன்று நாள் நீங்கள் போனையே எடுக்கவில்லை. கோர்ட்டில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் மதிப்பில்லை, சம்பந்தமில்லாதது என்று வெட்டிவிடுவார்கள். தகராறு 18 லட்சமாக வளர்ந்ததற்குப் பாதிக் காரணம் இவை இரண்டும்தான்.

அடுத்தது தனிச் சந்திப்பு. சமரசர் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரிடம் பேசுவார். இங்கே நீங்கள் சொல்வதை, உங்கள் அனுமதி இல்லாமல் அடுத்த அறைக்குக் கொண்டுபோகமாட்டார். அவர் கேட்கும் கேள்விகள் சங்கடமாக இருக்கும். "கோர்ட்டுக்குப் போனால் உங்கள் கேஸில் எங்கே ஓட்டை?" உங்கள் வக்கீல்கூட இதை இவ்வளவு நேராகக் கேட்டிருக்கமாட்டார். கம்பெனிக்காரர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்வார்: டெபிட் நோட் 6 லட்சத்துக்குப் போட்டேன், ஆனால் பையர் என்னிடம் பிடித்தது இரண்டே முக்கால் லட்சம், மீதி நான் ஏர் பிரைட்டில் அனுப்பிய செலவு, தாமதத்துக்கு என் பிரிண்டிங் யூனிட்டும் ஒரு காரணம். அடுத்த அறையில் பட்டறைக்காரர் சொல்வார்: நடுவில் ஒரு லாட்டுக்கு வேறு கம்பெனிச் சாயம் போட்டோம், ஸ்டாக் தீர்ந்துவிட்டது. எனக்கு இப்போது முழுப்பணம்கூட வேண்டாம், தீபாவளி போனசுக்கு முன் ஐந்து லட்சம் கைக்கு வந்தால் போதும்.

18 லட்சம் பற்றிச் சண்டை போட்டவர்களுக்கு உண்மையான தேவை தீபாவளிக்கு முன் ஐந்து லட்சமும், அடுத்த சீசனுக்கு நம்பகமான சாயமும் என்று இங்கே தெரிகிறது. இதன் பிறகு எண்கள் நகரும். 14.5 லட்சத்தில் முடிப்பது, தீபாவளிக்கு முன் 5 லட்சம், மீதி 9.5 லட்சம் மாதம் 1.9 லட்சமாக ஐந்து தவணை. இனி ஒவ்வொரு லாட்டுக்கும் கட்டிங்குக்கு முன் துணித்துண்டு எடுத்து இருவரும் கையெழுத்து, துணி போன இரண்டு நாளுக்குள் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். எல்லாப் பேச்சும் இப்படி முடியும் என்று நான் சொல்லவரவில்லை. முடியும்போது இப்படிப்பட்ட ஒரு வழியில்தான் முடிகிறது.

போகும் முன் தயாராவது

கேஸுக்குத் தயாராவதைவிடக் குறையாமல் தயாராக வேண்டும். பலர் "பேசத்தானே போகிறோம்" என்று வெறுங்கையோடு போய்விடுகிறார்கள். லெட்ஜர், இன்வாய்ஸ், டெலிவரி சலான், டெபிட் நோட், முக்கியமான வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு, எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பக்கத்தில் எழுதிய பட்டியல். அந்த ஒரு பக்கம்தான் மேசையில் அதிகம் புரளும்.

முடிவெடுப்பவர் நேரில் வர வேண்டும். மேனேஜரை அனுப்பிவிட்டு "ஓனரைக் கேட்டுச் சொல்றேன்" என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுந்துபோவது பேச்சைக் கொன்றுவிடும். பிரைவேட் லிமிடெட் என்றால் போர்டு தீர்மானம், கூட்டுத்தொழில் என்றால் மற்றப் பங்குதாரர்களின் எழுத்து மூலமான சம்மதம் கையில் இருக்கட்டும். வக்கீலையும் அழைத்துச் செல்லுங்கள், பேசுவது நீங்களாக இருங்கள். ஒப்பந்தம் எழுதும் நேரத்தில் வக்கீல் பேசட்டும்.

மூன்று எண்களை முதல் நாள் இரவே எழுதிவையுங்கள்: கேட்கப்போவது, கிடைத்தால் திருப்தி என்பது, இதற்குக் கீழே போனால் எழுந்து வந்துவிடுவேன் என்பது. மூன்றாவது எண்ணைக் கோபத்தில் தீர்மானிக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருடம், எவ்வளவு செலவு, ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு, ஜெயித்தாலும் எதிராளியிடம் பிடுங்க என்ன இருக்கிறது என்று வக்கீலிடம் வெளிப்படையாகக் கேட்டு, அதிலிருந்து வர வேண்டும் அந்த எண்.

காலவரையறைக்கு இப்போது வருவோம். பண பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம். 12ஏ வழியில் சமரசத்துக்குப் போன காலம் அதில் கழியும் என்று பார்த்தோம். நீங்களாகத் தனியே, சங்கத்திலோ பொதுவான நண்பர் வீட்டிலோ பேசிக்கொண்டிருந்த காலம் அப்படித் தானாகக் கழியாது. "பேசிட்டுதானே இருக்கோம்" என்று மூன்று வருடத்தைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். கெடு முடியும் முன்பே எதிர்த்தரப்பிடம் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் வாங்கிவிடுங்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். கையெழுத்துப் போட மறுத்தால் அவர் பேச வரவில்லை, காலத்தைக் கடத்த வந்திருக்கிறார் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

எழுத்தில் கோட்டை விடாதீர்கள்

மாலை ஏழு மணிக்கு எல்லோரும் களைத்துப்போய், கை குலுக்கி, "மீதியை நாளைக்கு எழுதிக்கலாம்" என்பார்கள். எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். இரவில் வீட்டுக்குப் போனதும் மச்சான் ஒருவர் ஏதாவது சொல்வார், காலையில் மனசு மாறியிருக்கும்.

ஒப்பந்தத்தில் தேதி வேண்டும், "விரைவில்" கூடாது. தொகை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? குறைத்த மூன்றரை லட்சத்துக்கு ஜிஎஸ்டி கிரெடிட் நோட் உண்டா, யார், எந்தத் தேதிக்குள்? ஒரு நிதியாண்டின் சப்ளைக்கு வரியைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட்டை அடுத்த நவம்பர் 30க்குள் கணக்கில் காட்ட வேண்டும். அது தாண்டியிருந்தால் வரிச் சுமை யாருடையது? டிடிஎஸ் பிடித்தம் எப்படி? செக் பவுன்ஸ் வழக்கு நடந்துகொண்டிருந்தால் எந்தத் தவணை வந்த பிறகு வாபஸ்? செக் வழக்கைச் சட்டப்படியே சமாதானமாக முடித்துக்கொள்ளலாம், ஆனால் பணம் முழுதும் வருவதற்கு முன்பே வாபஸ் வாங்கிவிட்டுப் பின்னால் கையைப் பிசைய வேண்டாம்.

மிக முக்கியமான ஷரத்து, தவணை தவறினால் என்ன என்பது. ஏதாவது ஒரு தவணை ஏழு நாளுக்கு மேல் தாமதமானால் கொடுத்த சலுகை ரத்து, முழு 18 லட்சமும் வட்டியோடு, கட்டியதைக் கழித்து, உடனே தர வேண்டும் என்று எழுதுங்கள். எதிர்த்தரப்பு இதற்கு முகம் சுளித்தால், தவணை கட்டும் எண்ணம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

எந்த வழியில் போனீர்களோ அதைப் பொறுத்தே தாளின் பலம். 12ஏ வழியில் ஆன ஒப்பந்தத்துக்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்பின் அந்தஸ்து உண்டு, தவறினால் நேராக நிறைவேற்று மனு போடலாம். நடந்துகொண்டிருந்த வழக்கில் சமரச மையத்தில் முடித்தால் நீதிபதி அதையே டிகிரியாக்குவார். முழுக்கத் தனியாராகப் பேசி முடித்தது என்றால் கவனம் வேண்டும். 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டம் சமரச ஒப்பந்தத்தைக் கோர்ட் டிகிரி போல நிறைவேற்ற வழி செய்கிறது. மோசடி, ஆள்மாறாட்டம் போன்ற சில காரணங்களுக்குத்தான் அதை எதிர்க்க முடியும். ஆனால் அந்தச் சட்டம் முழுதும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை, 2023 அக்டோபர் 9 அன்று சில பிரிவுகள் மட்டுமே வந்தன. நீங்கள் கையெழுத்துப் போடும் நாளில் நிலவரம் என்ன என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சமரசம் வேண்டாம் என்ற இடங்கள்

உங்கள் லேபிளை ஒருவர் காப்பியடித்துச் சந்தையில் விற்கிறார், வேலையை விட்ட ஊழியர் வாடிக்கையாளர் பட்டியலோடு போய்விட்டார், கடன்காரர் சொத்தை மைத்துனர் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். இப்படியென்றால் முதலில் தடையுத்தரவு, பேச்சு பிறகு. பொய்க் கணக்கு, போலிக் கையெழுத்து என்று போனால் அது மேசையில் தீரும் விஷயம் இல்லை. டாக்டர், வக்கீல், ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட் மீது அவர்கள் கவுன்சிலில் நடக்கும் ஒழுங்கு நடவடிக்கையைச் சமரசத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 2023 சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. அவர்களோடு உள்ள பீஸ் தகராறைக் கொண்டுபோகலாம்.

மேலும், மிகத் தேர்ந்த சமரசரிடம் போனாலும் சில விஷயங்கள் தீராது. அயோத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019ல் அமைத்த மூவர் குழுவில் நம் ஊர்க்காரர்களான நீதிபதி கலிஃபுல்லாவும் ஸ்ரீராம் பஞ்சுவும் இருந்தார்கள். அங்கே உடன்பாடு வரவில்லை, அந்த நவம்பரில் தீர்ப்புதான் வந்தது. வியாபாரப் பிணக்குக்கு அவ்வளவு கனம் இல்லை என்பது நமக்கு வசதி.

இதையெல்லாம் தகராறு வந்த பிறகு யோசிப்பதைவிட ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிவைப்பது எளிது. பர்ச்சேஸ் ஆர்டரிலோ ஒப்பந்தத்திலோ சேர்க்க இந்த அளவு போதும்: "இந்த ஒப்பந்தம் தொடர்பாக எழும் எந்தத் தகராறையும், ஒரு தரப்பு எழுத்து மூலம் தெரிவித்த 15 நாளுக்குள் இரு தரப்பும் சம்மதிக்கும் சமரசர் முன் கொண்டு செல்ல வேண்டும். சமரசம் இவ்வூரில், தமிழில் நடைபெறும். கட்டணத்தை இரு தரப்பும் சமமாக ஏற்கும். 60 நாளுக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால் எத்தரப்பும் சட்டப்படியான வேறு நடவடிக்கை எடுக்கலாம். அவசரத் தடையுத்தரவு கோரும் உரிமையை இந்த ஷரத்து பாதிக்காது." ஊர்ப் பெயரை நிரப்பி, உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டி, அடுத்த பர்ச்சேஸ் ஆர்டர் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் சேர்த்துவிடுங்கள்.